போணிக் கை

“அய்யோ...!”

ஸ்கேன் அறையிலிருந்து வந்த அலறலில், வராந்தாவில் போன நர்ஸின் கையிலிருந்து ட்ரே நழுவியது.

அலறியவள் ஸ்கேன் டெக்னீஷியன். இருபது நாள் கழித்து இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

திரையில் ஒரு ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் கணவனுடையது.

அவன் செத்துத்தான் இருபது நாள் ஆகியிருந்தது!

*

இன்ஸ்பெக்டர் அரை மணியில் வந்தார். வாயில் கிராம்பு. சிகரெட்டை விட்டுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்தான் நம்பவில்லை.

“கேஸை மூடியாச்சேம்மா. உங்க வீட்டுக்காரர் இங்கே ஆராய்ச்சிக்கு ஊதுற ரூம்ல, கையில வேப்போட, அதான் அந்தக் கரண்ட் சிகரெட்டோட, விழுந்து கிடந்தார். ரத்தத்துல நிகோடின் தாறுமாறா இருக்குன்னு ரிப்போர்ட்டே வந்துடுச்சு.”

“தெரியும் சார். குழந்தை பிறந்தப்போ எல்லாத்தையும் விட்டவரு. அவ தலைமேல சத்தியம் பண்ணவரு. ‘திருட்டுத்தனமா ஊதியே செத்தியாய்யா, பாவி’ன்னு இருபது நாளா அவர் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன்.”

திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“இப்போ இதைப் பாருங்க.”

துடித்தது... அடங்கியது... துடித்தது.

இன்ஸ்பெக்டரின் முதுகில் எறும்பு ஊர்ந்தது.

“செத்தவர் குழாய்னு எப்படிம்மா சொல்றீங்க? எனக்கு மழைநாள் டிவி மாதிரி இருக்கு.”

“எனக்கு முகம் மறக்கும் சார், குழாய் மறக்காது. எல்லாருக்கும் முழங்கைக்குக் கீழே ரெண்டாப் பிரியும். இவருக்கு மேலேயே, கவண்கட்டை மாதிரி. அவரும் இங்கேதான் வேலை பார்த்தாரு. தினம் பார்த்த குழாய். காலையில மெஷின் சரியா இருக்கான்னு பார்க்க எங்க ஆள் ஒருத்தர் முதல்ல கை நீட்டணும். ‘போணிக் கை’ம்போம். வெறும் வயித்துல வரணும். முடிஞ்சதும், ஸ்கேன் எடுத்தவங்க ஒரு காபி போட்டுத் தரணும். போணி எப்பவும் அவர்தான். காபி எப்பவும் நான்தான்.”

“பழைய படமா இருக்கும்.”

“மூலையில பாருங்க.”

பார்த்தார். செத்த அதே தேதி. காலை 10.05!

“பத்தரைக்கு உயிர் போயிருக்குன்னு போஸ்ட்மார்ட்டம் டாக்டருங்க எழுதியிருக்காங்களே!”

“அன்னிக்கு நான் லீவு. குழந்தைக்குக் காய்ச்சல்.” அவள் திரையைத் தொட்டாள். “கையில பட்டையை அஞ்சு நிமிஷம் இறுக்கிட்டு விட்டா ரத்தம் குபீர்னு பாயும். நல்ல குழாய் விரிஞ்சு வழி விடும். ஒரே ஒரு சிகரெட் இழுத்துட்டு வாங்க, இல்ல வேப் ஊதிட்டு வாங்க... கொஞ்ச நேரத்துக்கு விறைச்சுக்கிட்டு நிக்கும். நிகோடின் இல்லாத வேப் ஊதினவங்களுக்கே அப்படி ஆகியிருக்கு. இது எப்படி விரியுது பாருங்க. ஊதின கையே இல்ல சார் இது!”

இன்ஸ்பெக்டர் தன் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

“இது யார் ஃபைல்ல இருந்துச்சு?”

“பதினேழாம் நம்பர். ஆராய்ச்சிக்குக் கை குடுத்த வெளியாள். கீழே ‘வேப் ஊதிய பிறகு’ன்னு போட்டிருக்கு.”

“என்ன இங்கே கூட்டம்?”

வாசலில் தலைமை டாக்டர். ஆராய்ச்சி அவருடையது. நாளை மாநாட்டில் வாசிக்கப் போகிறவர்.

“ஓ, பதினேழா? ஊதின பிறகும் என்னமா விரியுது பாருங்க இன்ஸ்பெக்டர்! வேப் குழாயைத் தொடறதே இல்லைங்கறதுக்கு இதைத்தான் காட்டப் போறேன்.”

“யார் எடுத்தது சார்?” அவள் பணிவாகக் கேட்டாள். “நான் அன்னிக்கு லீவாச்சே.”

“நான்தான். உன்னை விட்டா இந்தக் கருவியைப் பிடிக்கத் தெரிஞ்சவன் இங்கே வேற யாரும்மா?”

“பத்து அஞ்சுக்கா டாக்டர்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஆமா, அங்கேயே போட்டிரு...”

இன்ஸ்பெக்டர் கிராம்பைக் கன்னத்துக்குள் ஒதுக்கினார்.

“பதினொரு மணிக்குத்தான் வந்தேன், வந்ததும் பிணத்தைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களே!”

“மெஷின்ல... நேரம் தப்பாக் காட்டும்...”

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். பதினேழாம் நம்பரின் ‘ஊதுவதற்கு முன்’ படம். நேரான குழாய். பிரிவே இல்லை.

“டாக்டர், நான் ஒரு மக்கு போலீஸ், கோவிச்சுக்காதீங்க. ஊதறதுக்கு முன்னாடி நேரா இருந்த குழாய், ஊதினதும் கவண்கட்டையா மாறிடுமா?”

டாக்டர் நாற்காலியில் சரிந்தார்.

“ஊதின பிறகு ஒருத்தன் குழாயும் விரியல... படங்களை மாத்தினேன். இவ புருஷன் கண்டுபிடிச்சுட்டான். மேலிடத்துல சொல்லிடுவேன்னான்...”

“அன்னிக்கு அவர் வழக்கம்போல போணிக்குக் கை நீட்டினாரு.” அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. “முடிஞ்சதும் காபி... நீங்க போட்டீங்களா?”

டாக்டரின் கண் அலமாரிக்குப் போனது. ஆராய்ச்சிக்கு வாங்கிய நிகோடின் பாட்டில்கள்!

“அதைக் காபியில கலந்தீங்க. ரத்தத்துல அது இருந்தா யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு கையில வேப்பைத் திணிச்சீங்க. என் வீட்டுக்காரர் குழாயையும் விட்டுவைக்காம பதினேழாம் நம்பர்ல ஒட்டிட்டீங்க!”

“இங்கே நல்லா விரியறது அவன் ஒருத்தனோடதுதான்...” டாக்டர் முனகினார். “குழாய்க்கு முகம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை.”

*

டாக்டரை ஜீப்பில் ஏற்றியாயிற்று.

அவள் மட்டும் திரைக்கு முன்னால்.

துடித்தது... அடங்கியது... துடித்தது. நிறுத்தும் பொத்தான் விரலுக்கடியில்தான் இருந்தது. அழுத்தினால் அவன் மறுபடியும் செத்துப்போவான்.

போனை எடுத்தாள்.

“அம்மா... அவர் போட்டோவைத் திருப்பி வைம்மா. ஆமா, நம்மளைப் பார்த்து...”

படத்தின் நகல் வாங்க வந்த இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றார். கண்ணில் தூசி விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டார்.

அவள் முகத்தைத் துடைத்தாள். பட்டையை எடுத்தாள்.

“கையை நீட்டுங்க சார். இன்னிக்கு இன்னும் போணி ஆகல.”

இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம்மா! வர்ற வழியில ஒண்ணே ஒண்ணு இழுத்துட்டேன். என் குழாய் போய் வீட்டுக்காரிகிட்ட சாட்சி சொல்லிச்சுன்னா... அடுத்த பிணம் நான்தான்!”