மாவு மூட்டைக்குக் காய்ச்சல்

போனில் தெரிந்த வரைபடத்தில், பட்டாசின் வீட்டின் மேல் மறுபடியும் சிவப்புப் புள்ளி.

"அநியாயம்!" என்று அவள் போட்ட சத்தத்தில், கடையில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். எதற்கெடுத்தாலும் படபடவென்று வெடிப்பதால்தான் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். ஆனால் இந்த முறை அவள் வெடித்ததில் தப்பே இல்லை. நீங்களே கேளுங்கள்.

ஊரில் ஒரு காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள, சுகாதார நிலையம் வீட்டுக்கு ஒரு கருவி கொடுத்திருந்தது. நெற்றிக்கு நேராகப் பிடித்து அழுத்தினால் உடம்புச் சூட்டைக் காட்டும்; சூடு அதிகமென்றால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. தினமும் காலையில் வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் பார்ப்பது தானாகவே போன் வழியாகச் சுகாதார நிலையத்துக்குப் போய்விடும். காய்ச்சல் இல்லாத வீட்டுக்கு வரைபடத்தில் பச்சைப் புள்ளி, இருக்கிற வீட்டுக்குச் சிவப்பு.

நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்களே, அங்கேதான் வந்தது வினை.

பட்டாசின் அப்பா ரொட்டி சுடுகிறவர். முன்னால் கடை, பின்னால் அடுப்பறை, மாடியில் வீடு. அம்மாவுக்குச் சுத்தம் என்றால் உயிர். "ஊரே சாப்பிடற ரொட்டி. சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கடையைத் திறக்கணும்" என்பார். அதனால் அப்பா முதல் சுற்று ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்து வைத்த கையோடு, அங்கேயே அம்மா அவர் நெற்றியில் கருவியைக் காட்டிவிடுவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இவ்வளவு ஒழுங்காக இருந்தவர்கள் வீட்டுக்குத்தான் சிவப்பு!

"எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அப்பா.

"கருவி பொய் சொல்லுமா? மாத்திரையைப் போட்டுட்டுப் படுங்க" என்றார் அம்மா.

சாயங்காலம் பார்த்தால் சூடு இறங்கியிருந்தது. "பாத்தியா, மாத்திரை வேலை செய்யுது!" என்று அம்மா பூரித்துப்போனார். மறுநாள் காலை மறுபடியும் சிவப்பு. மறுபடியும் மாத்திரை. பாவம் அப்பா, உடம்புக்கு ஒன்றும் இல்லாமலே மாத்திரை முழுங்கிக்கொண்டிருந்தார்.

தெரு சும்மா இருக்குமா? நேற்றுவரை வரிசையில் நின்றவர்கள், இன்று எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். அடுப்பறையில் உதவிக்கு வருகிற அண்ணன் வரவில்லை. எதிர்வீட்டுக் கடிகாரக்காரர்தான் எல்லாவற்றுக்கும் மேலே. தன் கடை வாசலில் நின்று, "அங்க ரொட்டி வாங்காதீங்க, சிவப்பு வீடு!" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். அவர் வீட்டுக்கு மட்டும் எப்போதும் பச்சை.

அத்தோடு விட்டதா? சுகாதார நிலையத்திலிருந்து அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நாளையும் சிவப்பு வந்தால், கடையைப் பூட்டிவிட வேண்டுமாம். மறுபடி எப்போது திறப்பது என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அப்பா அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பட்டாசுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

நேராக மாடிக்கு ஓடினாள். எதிர்வீட்டு ஜன்னலில் கடிகாரக்காரரின் மகன் சுருட்டை உட்கார்ந்திருந்தான். அவளோடு ஒரே வகுப்பு. சில நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.

"டேய் சுருட்டை! உங்கப்பாவுக்கு மனசாட்சியே இல்லையா?"

சுருட்டை பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. விடாமல் இருமினான். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"உனக்கு… காய்ச்சலாடா?"

"மெதுவா பேசுடி." அவன் குரல் கம்மியிருந்தது. "ஆமா. நாளுக்கு நாள் ஜாஸ்தியாகுது. உங்க வீட்டுக்கு வந்த சிவப்பைப் பாத்து அப்பா பயந்துட்டாரு. நம்ம கடைக்கும் யாரும் வரமாட்டாங்கன்னு, என் பேருக்கும் அவர் நெத்தியையே காட்டிடறாரு. யார்கிட்டயும் சொல்லிடாதே. சத்தியமா?"

பட்டாசுக்குத் தலைக்குள் கொதித்தது. தெருவில் இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னால் என்ன? அந்த மாமா மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

ஆனால் சுருட்டை மறுபடியும் இருமினான். அவன் கண்கள் குழிவிழுந்திருந்தன.

"சத்தியமா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் காலை, உதவிக்கு ஆள் இல்லாததால் அவளே அடுப்பறைக்குப் போனாள். அப்பா தட்டுகளை இழுத்துக் கொடுக்க, அவள் வாங்கி வாங்கி அடுக்கினாள். அனல் முகத்தில் அடித்தது. வேலை முடிந்ததும் அம்மா கருவியோடு வந்தார்.

அப்பாவுக்குச் சிவப்பு. அடுத்து பட்டாசுக்கு. அவளுக்கும் சிவப்பு!

"ஐயோ, பிள்ளைக்கும் தொத்திக்கிச்சே!" அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். "மாத்திரை எங்க வச்சேன்?"

"எனக்கா காய்ச்சல்? எனக்கு இருக்கறது கோபம்!" பட்டாசு கருவியை வெடுக்கென்று பிடுங்கினாள். ஆத்திரத்தில் கண்ணில் பட்டதன் மேலெல்லாம் காட்டி அழுத்தினாள். கதவு, ஒன்றும் இல்லை. வாளி, ஒன்றும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த மாவு மூட்டை…

பீப் பீப் பீப். சிவப்பு!

மூவரும் மாவு மூட்டையைப் பார்த்தார்கள்.

"அம்மா," என்றாள் பட்டாசு மெதுவாக, "அதுக்கும் ஒரு மாத்திரை குடுங்க."

அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அடுப்பின் அனல் பட்ட நெற்றியை அல்லவா இத்தனை நாளும் சோதித்திருக்கிறார்கள்! பட்டாசு அப்பாவை முற்றத்துக்கு இழுத்துப்போய், காற்றாட உட்காரவைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கருவியைக் காட்டினாள். பச்சை. அவளுக்கும் பச்சை.

ஆனால் அந்தச் சிவப்பு அதற்குள் போன் வழியாகப் போய்விட்டிருந்தது. வாசலில் சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா வந்து நின்றார். கையில் பெரிய பூட்டு.

"வாங்கக்கா, உள்ள ஒரு நோயாளி இருக்காரு" என்று பட்டாசு அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். மாவு மூட்டைக்கு நேராகக் கருவியைப் பிடித்து அழுத்தினாள்.

நர்ஸ் அக்கா முதலில் முழித்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். முற்றத்தில் அப்பாவைத் தானே சோதித்தார். "மன்னிச்சுக்கோங்க. அனலுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லியிருக்கணும். கடையைத் திறங்க. புள்ளியை நான் மாத்திடறேன்."

அம்மாவுக்கு உயிர் வந்தது. பட்டாசுக்கு மட்டும் கோபம் அடங்கவில்லை.

"மாத்தினா போதுமாக்கா? புள்ளியை எதுக்குத் தெருவுக்கெல்லாம் காட்டறீங்க?"

"எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கத்தான்."

"யாரும் ஜாக்கிரதையா இல்ல. எங்களைத்தான் ஒதுக்கி வச்சாங்க! அதைப் பாத்துட்டு, நிஜமா காய்ச்சல் வந்தவங்க மறைக்கறாங்க."

நர்ஸ் அக்காவின் சிரிப்பு நின்றது. "யாரு மறைக்கறாங்க?"

"சொல்லமாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க முதல்ல தெருவுக்குக் காட்டறதை நிறுத்துங்க. அப்ப அவங்களே சொல்லுவாங்க."

"பட்டாசு! பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்றார் அம்மா.

"விடுங்கம்மா. அவ கேக்கறது சரிதான்."

நர்ஸ் அக்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தன் மேலதிகாரியிடம் ஏதோ சொன்னார். முதலில் மெதுவாகத்தான் பேசினார். பிறகு அவர் குரலும் உயர்ந்தது. "சார், மறைச்சாங்கன்னா நம்ம வரைபடமே பொய்தானே?" என்று அவர் சொன்னது கடைக்குள்வரை கேட்டது. கடைசியில் உள்ளே வந்து, பூட்டைப் பைக்குள் போட்டார்.

"இனிமே எந்த வீடுன்னு தெருவுக்குத் தெரியாது. எங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

பட்டாசு போனில் பார்த்தாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அடுத்த நொடி தெருவைத் தாண்டி ஓடினாள்.

கடிகாரக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார். "என்ன? சண்டை போட வந்தியா?"

சண்டை போட அவளுக்கு ஆசைதான். நாக்கு நுனிவரை வந்த வார்த்தைகளை விழுங்கினாள்.

"இல்ல மாமா. இனிமே எந்த வீட்டுப் புள்ளியும் தெருவுக்குத் தெரியாது. போன்ல பாருங்க. நர்ஸ் அக்கா எங்க கடையிலதான் இருக்காங்க. கூப்பிட்டா உடனே வருவாங்க."

அவர் போனைப் பார்த்தார். உள்ளேயிருந்து சுருட்டை இருமும் சத்தம் கேட்டது.

"கூப்பிடும்மா" என்றார். கதவை முழுசாகத் திறந்தார்.

சரியான நேரத்துக்குத்தான் பார்த்தோம் என்றார் நர்ஸ் அக்கா. இன்னும் தாமதித்திருந்தால் நெஞ்சில் சளி கட்டியிருக்குமாம். அன்று சாயங்காலத்துக்குள் அதே தெருவில் வேறு சில வீடுகளும் உண்மையான சூட்டை அனுப்பின. எல்லார் வீட்டுக்கும் மருந்து போனது. யாரும் யாரையும் பார்த்து எதிர்ப்பக்கம் நடக்கவில்லை.

சுருட்டை தேறி, ஜன்னலில் நின்று கையாட்டத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் கடிகாரக்காரர் ரொட்டிக் கடைக்கு வந்தார். வரிசையின் கடைசியில், தலையைக் குனிந்தபடி நின்றார். அவர் முறை வந்ததும் காசை மட்டும் நீட்டினார். முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது.

பட்டாசு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கருவியை எடுத்து அவர் நெற்றிக்கு நேராகப் பிடித்தாள். வரிசையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

பச்சை.

"ஒண்ணும் இல்ல மாமா" என்று சூடான ரொட்டியை அவர் கையில் வைத்தாள். "அடுப்புப் பக்கத்துல மட்டும் நிக்காதீங்க."