இரண்டாவது கூவல்

மாலைக் கோச்சி சுன்னாகம் ஸ்டேசனை விட்டு, வெங்காயத் தோட்டங்களினூடே புகையைப் பரப்பிக்கொண்டு பாலேஸ்வரியின் வீட்டு வேலியை நெருங்கும்போது ஒருமுறை கூவும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கூவல் அவளுக்கானது. எஞ்சின் ஓட்டும் அவள் புருசன் சீவரத்தினம் கலியாணம் முடிந்த கிழமையே சொல்லியிருந்தான்.

அன்று அது இரண்டுமுறை கூவியது.

இரண்டாவது கூவல் நீண்டு, குழைந்து, செல்லமாகத் தாழ்ந்தது. அடுப்படியில் நின்றவளுக்கு நெஞ்சு எரிந்தது. இந்த ஒழுங்கையில், இந்த வேலிகளுக்குள் எங்கோ, இன்னொருத்தி இருக்கிறாள்.

அவன் வந்ததும் சட்டையை வாங்கி முகர்ந்தாள். கரி, எண்ணெய். அவற்றுக்கும் அடியில், முழுகிவிட்டு உலராத பெண் கூந்தலின் மணம்.

"ஆருக்கு ரண்டாந்தரம் ஊதினனீங்கள்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "நல்லம்மாவுக்கு முந்தி அப்பிடித்தான் ஊதுவன்."

நல்லம்மா அவனுடைய முதல் மனைவி. பிள்ளைப்பேற்றில் செத்தவள். முழுக்காட்டிய ஈரம் உலருமுன் கோச்சிப் பாதையோரச் சுடலையில் எரித்தார்கள்.

"செத்தவளுக்கு இப்பவும் ஊதவேணுமோ?"

"நான் ஊதேல்லை, பாலேஸ். ஊதுற கயித்திலை கையே வைக்கேல்லை."

பொய் என்றுதான் நினைத்தாள். அதன்பின் தினமும் கூவல் இரண்டாயிற்று. வேலைக்குப் போகுமுன் அவன் எண்ணெய் வைத்துத் தலை வாரத் தொடங்கினான். வீட்டில் நிற்கும் நாட்களில் வாரமாட்டான். அவள் கட்டிக்கொடுத்த சோறு தொடப்படாமல் திரும்பி வந்தது. இரவில் அவள் பக்கம் திரும்பாமலே படுத்தான். உயிரோடிருக்கும் ஒருத்தியென்றால் வாசலில் போய் நின்று மயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம்.

"நாளைக்கு நீங்கள் போகக்கூடாது," என்றாள் ஒருநாள். "நான் வேணுமோ, உந்த எஞ்சின் வேணுமோ?"

"நீதான் வேணும்," என்றான். காய்ச்சல் என்று ஸ்டேசனுக்குச் சொல்லியனுப்பினான்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் பக்கத்தில் இருந்து பரிமாறினாள். மீன்குழம்பை விரலால் வழித்து அவன் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது. இவன் இனி என்னவன். தூரத்தில் கோச்சி வரும் சத்தம் கேட்டது. இன்றைக்கு ஓட்டுபவன் வேறு ஆள். கூவமாட்டான்.

முதற்கூவல் வரவில்லை.

இரண்டாவது மட்டும் வந்தது.

நீளமாக. குழைவாக.

சீவரத்தினத்தின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது.

சக்கரங்கள் கிறீச்சிட்டன. இங்கே ஸ்டேசன் இல்லை. ஆனாலும் நின்றது. வேலிக்கு மேலால் நீராவி முற்றத்தில் இறங்கியது. ஈரக் கூந்தல் மணத்தது.

அவன் எழுந்தான்.

"போகாதேங்கோ!" பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். உலை இரும்பாய்ச் சுட்டது. கை தானாக விட்டது.

வேலிப் படலை திறந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளங்கை கொப்பளிக்க அவள் பின்னால் ஓடினாள். தண்டவாளத்தருகே மாற்று ட்றைவரும் கரி போடுபவனும் வாய் பிளந்து நின்றார்கள். நீராவி மூடிய எஞ்சினில் ஓட்ட ஆள் இல்லை. ஆனாலும் கோச்சி நகரத் தொடங்கியிருந்தது.

நீராவி விலகியது.

உலைக் கதவு திறந்திருந்தது. செந்நெருப்பின் முன்னே சீவரத்தினம் நின்றான். உலைக்குள்ளிருந்து நீண்டு, அவனுடைய கழுத்தை ஒரு பெண்ணின் கை வளைத்திருந்தது. தோல் வெந்து, உரிந்து, தொங்கிய கை. அந்தக் கையில் கன்னத்தைச் சாய்த்து, பாலேஸ்வரி ஒருநாளும் கண்டிராத சிரிப்பை அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.