பன்னிரண்டு பேருக்குக் காப்பி

பத்து மணிக்குக் காப்பி வயலுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் பத்தேகாலுக்கு நடவுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் கரையேறி உட்கார்ந்துவிடுவார்கள். கோபப்பட மாட்டார்கள், சண்டை போட மாட்டார்கள். உட்கார்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான். காலை ஆறு மணியிலிருந்து சேற்றில் குனிந்தே நிற்கிறவர்களுக்கு அது நியாயமும்கூட.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஃபெபிக்கு இது நன்றாகத் தெரியும். நேற்றே பறித்த நாற்று, முடிச்சு முடிச்சாக வரப்பில் கிடக்கிறது. இன்றைக்கு நட்டு முடிக்காவிட்டால் வெயிலில் வதங்கிவிடும். அம்மாவும் அப்பாவும் வயலில் இருந்தார்கள். காப்பி அவள் பொறுப்பு.

காப்பித்தூள் வாங்கக் கிளம்பியவளை கிளாட்சன் சித்தப்பா தடுத்தார். முந்தாநாள்தான் கத்தாரிலிருந்து வந்திருந்தார்.

"தூள் எதுக்கு? என் மெஷின் இருக்குல்ல. நீ பாலை மட்டும் காய்ச்சு."

சமையல் மேடையில் அவர் கொண்டுவந்த காப்பி மெஷின் பளபளத்தது. மூடி ஒட்டிய சின்னக் குப்பி ஒன்றை அதன் வாயில் போட்டுப் பொத்தானை அழுத்தினார். உர்ரென்றது. கோப்பையின் அடியில் கறுப்பாகக் கொஞ்சம் விழுந்தது.

"இவ்வளவுதானா சித்தப்பா?"

"இது ஒரு ஆளுக்கு."

"வயல்ல நிக்கிற ராஜாத்தி அத்தைக்கு இது பல்லுல ஒட்டவே பத்தாதே."

சித்தப்பா இரண்டாவது குப்பியைப் போட்டார். பாதி உர்ரோடு மெஷின் நின்றது. மேலே மின்விசிறியும் நின்றது.

"கரண்ட் போச்சு," என்றாள் ஃபெபி. "லைன்ல வேலைன்னு சொன்னாங்க. சாயங்காலம்தான் வரும்."

மணி ஒன்பதரை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தாள். கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் வீரையன், அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தார். ஊரில் வேறு கடை இல்லை.

திரும்பி வந்தபோது சித்தப்பா மெஷினின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். ஃபெபி ஒரு குப்பியை எடுத்துக் காதருகே ஆட்டினாள். சரசரவென்றது.

"உள்ள இருக்கிறது காப்பித்தூள்தானே சித்தப்பா?"

"ஆமா. ஆனா அது மெஷின்ல போடுறதுக்குன்னே செஞ்சது."

"அது தூளுக்குத் தெரியுமா?"

சித்தப்பா குப்பிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒரு மாசத்துக்குன்னு வாங்கிட்டு வந்தேன், ஃபெபி."

"வதங்கப் போறது நம்ம நாத்து, சித்தப்பா."

அவர் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். பிறகு பெட்டியோடு தரையில் உட்கார்ந்து, கரண்டிக் காம்பால் முதல் குப்பியின் மூடியைக் குத்தினார்.

இருவருமாகப் பெட்டியில் இருந்த குப்பிகள் எல்லாவற்றையும் காலி செய்தார்கள். ஃபெபி கொதிக்கிற தண்ணீரில் தூளைக் கொட்டி மூடிவைத்தாள். துணியில் வடிகட்டி, பாலும் சர்க்கரையும் கலந்தாள். தூக்குவாளி நிறைந்தது.

வயலுக்குப் போனபோது பத்து மணி தாண்டிப் பன்னிரண்டு நிமிடம். இரண்டு பேர் ஏற்கெனவே வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். தூக்குவாளியைச் சுமந்து வந்த சித்தப்பாவின் கால் வழுக்கியது.

"பாத்து வா கிளாட்சா, இது கத்தார் ரோடு இல்ல," என்றாள் நடவுக் கூட்டத்தின் தலைவி ராஜாத்தி. "உன்னை விடு. காப்பி கொட்டிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஃபெபி டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தாள்.

"என்ன தூளு பாப்பா, நரசுஸா?" என்றாள் ஒருத்தி.

"லியோ காப்பி மாதிரில்ல இருக்கு," என்றாள் இன்னொருத்தி.

ராஜாத்தி ஒரு மடக்குக் குடித்து நாக்கைச் சப்புக்கொட்டினாள். ஃபெபி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிக்கரி கம்மி," என்றாள் ராஜாத்தி. "ஆனா நல்லா சூடா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

குடித்து முடித்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாகச் சேற்றில் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் கடைசி முடிச்சும் நட்டாயிற்று.

சாயங்காலம் கரண்ட் வந்தது. அடுப்படியைக் கூட்டும்போது, உருண்டு ஓடிய ஒரே ஒரு குப்பி ஃபெபிக்குக் கிடைத்தது. அதை மெஷினில் போட்டுப் பொத்தானை அழுத்தி, கோப்பையைச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"எப்படி இருக்கு சித்தப்பா?"

அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"சிக்கரி கம்மி," என்றார்.