டிபன் பை இருந்த இருக்கை

வீட்டிலும் சரி, வகுப்பிலும் சரி, எனக்கு ஒரே பெயர்தான்: வாயாடி.

அப்பா வெளிநாட்டுச் சண்டையில் ராணுவ லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். இப்போது எங்கள் பள்ளி வேனை ஓட்டுகிறார். நன்றாகத்தான் ஓட்டுவார். ஆனால் சாலையோரம் ஒரு குப்பை மூட்டை கிடந்தால் போதும், வண்டி சடக்கென்று நின்றுவிடும். பிறகு வேறு தெருவில் சுற்றிக்கொண்டு, மணி அடித்த பிறகுதான் பள்ளிக்குப் போய்ச் சேருவோம்.

"மூட்டை மாமா, இன்னிக்கு எத்தனை மூட்டை?" என்று பின்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று காலை வேன் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னிக்கும் லேட்டானா சாவியைக் கொடுத்துடுங்க. நானும் எவ்வளவுதான் பொறுத்துக்கிறது?"

அப்பா தலைகுனிந்து நின்றார். ஏற்கெனவே இரண்டு வேலை போய்விட்டது. எனக்கு அழுகை முட்டியது.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். முதல் திருப்பத்திலேயே ஒரு கறுப்பு மூட்டை. வண்டி நின்றது. அப்பா முகமெல்லாம் வியர்வை.

நான் எழுந்து முன்னால் போனேன். அவர் பக்கத்து இருக்கையில் டிபன் பை மட்டும்தான் இருக்கும். யாரையும் உட்கார விடமாட்டார்.

"அப்பா, இது யாரோட சீட்டு?"

"என் கூட்டாளியோடதும்மா. அங்கே அவன்தான் ரோட்டைப் பார்த்துச் சொல்லுவான். ஒருநாள் இதே மாதிரி ஒரு மூட்டை. உள்ளே குண்டு இருந்தது. நான் பிழைச்சேன். அவன் பிழைக்கலை."

வேனில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன்.

"அந்த சீட்டு வேணாம்மா," அப்பாவின் குரல் உடைந்தது.

"பெல்ட் போட்டாச்சுப்பா. இனிமே நான் பார்த்துச் சொல்றேன். மூட்டையில வாழைப்பழத் தோல் வெளியே தெரியுது. மேல ஒரு பூனை சொகுசா உட்கார்ந்து முகம் கழுவுது. போங்கப்பா."

அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி மெல்ல மூட்டையைத் தாண்டியது.

"அடுத்தது பழைய தலையணை. ஐயே, பஞ்செல்லாம் வெளியே வந்துடுச்சு!"

என் வாய் ஓயவே இல்லை. பின்னாலிருந்தும் குரல்கள் சேர்ந்தன. "அங்கே ஒரு வாளி, மாமா! ஓட்டை வாளி!"

பள்ளி வாசலில் நின்றபோது அப்பாவின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மணி அப்போதுதான் அடிக்கத் தொடங்கியது.

நான் இறங்கும்போது அப்பா டிபன் பையை வாங்கி, தன் இருக்கைக்குப் பின்னால் வைத்தார்.

"நாளைக்கும் அந்த வாயை மறக்காம எடுத்துட்டு வா, வாயாடி," என்றார்.