நான்காம் ரீல்

அஸ்ஸெத்தா நக்குல்மாவுக்கு இடுப்பு கழன்று விழுவது போலிருந்தது. மூன்று நாளில் அறுபது பிலிம் டப்பாக்களை இரும்புப் படியேறிச் சுமந்திருந்தாள். அவள் ஆபரேட்டராக இருக்கும் போபோ நகரத்துக் கபோக் சினிமாக் கொட்டகையில், செத்துப்போன ஓர் இயக்குநரின் பழைய படங்களை ஒரு வார விழாவாகத் திரும்பக் காட்டுகிறார்கள். சுமக்க ஆள் போடுவதாகச் சொன்னார்கள். போடவில்லை.

பிற்பகல் 2.40. மூன்றாம் டப்பாவைத் திறந்தாள். ஆவணக் காப்பகத்துப் பிலிமுக்குச் சக்கரம் கிடையாது, வெறும் சுருள். நடுவில் உள்ளங்கை கொடுத்துத் தூக்கி மேஜையில் வைத்தாள். நான்காம் டப்பாவைத் திறந்தாள். காலி.

உலகத்தில் இருப்பது அந்த ஒரே பிரதி. ஆறு மணிக்குக் காட்சி.

மேலாளர் பத்தியோனோ ஓடி வந்து பார்த்தார். பிறகு கீழே இறங்கி, டிக்கெட் வரிசையில் நின்ற இருநூறு பேர் முன்னால், ஆபரேட்டர்க்காரி ரீலை வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டாள், திருடி என்று கத்தினார். முதலில் வந்த கான்ஸ்டபிள் எதையும் கேட்கவில்லை. விலங்கை மாட்டினான்.

3.15. இன்ஸ்பெக்டர் ஸெர்போ ஆபரேட்டர் அறைக்குள் நுழைந்தார். அவர் ஸாமோ, அவள் மோசி. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. ஸாமோ என்றால் நாய்க்கறி தின்பவன், மோசி என்றால் ராஜ வம்சத் திமிர் என்று வைது கொள்வார்கள்; யார் என்ன வைதாலும் கோபிக்கக் கூடாது.

"வாடா நாய் தின்னி," என்றாள் அஸ்ஸெத்தா. "எலும்பு கிடைக்கும்னு மோப்பம் பிடிச்சு வந்தியா?"

"ராணியம்மாவுக்கு வளையல் நல்லாருக்கே," என்றார் ஸெர்போ. விலங்கைக் கழற்றச் சொல்லவில்லை.

அறைக்கு இரண்டே சாவி. ஒன்று அவளிடம், ஒன்று பத்தியோனோவிடம். பூட்டு உடையவில்லை. காலையில் பத்து மணிக்கு டப்பாக்களை எண்ணிப் பூட்டியதாகவும், மதியம் சாப்பிட ஒரு மணி நேரம் வெளியே போனதாகவும் அவள் சொன்னாள். ஸெர்போ குனிந்து மேஜைக்கடியில் பார்த்தார். கை அகலத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் கிடந்தது.

"குப்பை," என்றார் பத்தியோனோ. "இவ அறையைக் கூட்டறதே இல்ல. பதினஞ்சு வருஷம் இதே மாதிரி அறையில ஆபரேட்டரா வெந்தவன் நான். என் காலத்துல தரையில சோறு போட்டுத் தின்னலாம்."

ஸெர்போ மேஜைமேல் இருந்த மூன்றாம் சுருளின் நடுவை ஒரு முறை பார்த்துவிட்டு, வளையத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான்காம் ரீலில் என்ன இருக்கிறது என்று அஸ்ஸெத்தாவிடம் கேட்டார். எண்ணெய் ஆலை வேலைநிறுத்தம், என்றாள். வாசலில் நின்ற கூலிக்காரர்கள் மீது சிப்பாய்கள் சுட்ட அன்று காமிரா அங்கேயே இருந்தது. யாரைச் சுட வேண்டும் என்று விரல் நீட்டிய முதலாளியின் முகமும் அதில் விழுந்திருக்கிறது. அந்த முதலாளியின் மகன் தெம்பெலேதான் இந்த விழாவுக்குப் பணம் கொடுத்தவர். ஆலையில் முதுகு ஒடிந்த கிழவர்கள் அந்த முகத்தைப் பார்க்கக் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார்கள்.

"நான் எதுக்குடா அதைத் திருடணும்?" என்றாள். "எங்கப்பனும் அந்த வாசல்லதான் நின்னான்."

4.00. அலமாரியிலிருந்து பழைய சோப்பு விளம்பரச் சுருள் ஒன்றை எடுத்துத் தரக் கான்ஸ்டபிளிடம் சொன்னார் ஸெர்போ. அதுவும் சக்கரமில்லாத சுருள்தான், டப்பாவோடு வந்தது.

"பத்தியோனோ ஐயா, இதை எடுத்து அந்த மேஜையில வைங்க."

"நானா? எதுக்கு?"

"பதினஞ்சு வருஷ அனுபவம். கொஞ்சம் பார்க்கலாமே."

பத்தியோனோ இரண்டு கையாலும் சுருளின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். இரண்டடி நகர்வதற்குள் சுருளின் நடு சரிந்தது. நடுவிலிருந்த மஞ்சள் வளையம் நழுவித் தரையில் உருண்டது. பின்னாலேயே பிலிம், கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டுவது போலக் கொட்டி அவர் காலைச் சுற்றியது.

ஸெர்போ பையிலிருந்த மஞ்சள் வளையத்தை எடுத்து, விழுந்த வளையத்தின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றே.

"சுருளுக்கு நடுவில இருக்கறது இது," என்றார். "ரீலைத் தூக்கினவனுக்குத் தூக்கத் தெரியல. நடு சரிஞ்சு இது விழுந்துச்சு. மிச்சத்தை வாரிச் சாக்குல திணிச்சான். இவ கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கினாலும் இது விழாது. சாவி ரெண்டு பேர்கிட்ட. தூக்கத் தெரியாதவன் ஒருத்தன். நீ ஒரு நாளும் ஆபரேட்டரா இருந்ததில்ல. பொய் சொல்லி இந்த வேலைக்கு வந்திருக்க. இப்ப ரீல் எங்க?"

பத்தியோனோ காலைச் சுற்றிய பிலிமையே பார்த்துக்கொண்டிருந்தார். தெம்பெலே அடுத்த வருஷமும் பணம் தருவதாகச் சொன்னார் என்றும், ஒரு ரீல்தானே, யாருக்கு நஷ்டம் என்றும் முணுமுணுத்தார்.

"கீழ நிக்கிற கிழவங்ககிட்டப் போய்ச் சொல்லு, யாருக்கு நஷ்டம்னு," என்றாள் அஸ்ஸெத்தா.

பத்தியோனோவின் காரின் பின்பெட்டியில் அரிசிச் சாக்கு இருந்தது. அதற்குள் அறுநூறு மீட்டர் பிலிம், குடல் மாதிரி சுருண்டு. அப்போதுதான் விலங்கு கழன்றது. விலங்கு அழுத்தித் தடித்த மணிக்கட்டோடு அஸ்ஸெத்தா தரையில் உட்கார்ந்து, ஒரு கீறல் விழாமல், அடி அடியாகச் சிக்கெடுத்தாள். யாரும் உதவவில்லை. உதவ யாருக்கும் தெரியாது.

ஏழரைக்குக் காட்சி. அதற்கு முன் விழாக் குழுத் தலைவர் மேடையேறி, சிறு தாமதத்துக்கு வருந்தினார். தெம்பெலேவுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறினார். போலீசுக்கு நன்றி கூறினார். ஸெர்போ முன்வரிசையில் உட்கார்ந்து தலையசைத்தார். விளக்கு அணைந்தது.

இருநூறு பேர் முன்னால் அவளைத் திருடி என்று சொன்னார்கள். அதே இருநூறு பேர் முன்னால் அவள் திருடவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தக் கடனை இன்றுவரை யாரும் தீர்க்கவில்லை.