கைப்பிடியில் நிற்க ஒருவர்

மதியம் சாப்பிடப் போகும்போது முதல் பிஸ்டனை அவர் அடிமட்டத்தில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து பிளக் துவாரத்துள் நீண்ட திருப்புளியை இறக்கிப் பார்த்தபோது, பிஸ்டன் உச்சியில் நின்றது.

தானாக ஏறியிருக்க வழியில்லை. ஆறு சிலிண்டர்களையும் கடைந்து, புது ரிங்குகள் பூட்டி, எண்ணெய் வார்த்துக் கோத்த எஞ்சின் அது. முன்புறக் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றித் தோளையும் கொடுத்தால்தான் முனகிக்கொண்டு அசையும். மறதியாக இருக்கும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். இல்லை, உச்சியில் நிறுத்திவிட்டுத்தானே போனாய் என்று சொல்லவோ மறுக்கவோ அந்த வீட்டில் வேறொருவர் இருந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

கொட்டகையின் தகரத்தின்மேல் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. கழற்றிய பானட் சுவரில் சாய்ந்து நிற்க, மண்ணெண்ணெயும் துருவும் ஈரச் சாக்கும் கலந்த வாடை தரையோடு தரையாகத் தவழ்ந்து, பழைய காரின் அடியிலிருந்த இருட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

மீதமிருந்தது டைமிங் வைக்கும் வேலை, பொறி விழும் கணத்தைச் சரிசெய்வது, ஒன்றுதான். அது இருவர் வேலை. ஒருவர் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மற்றவர் முதல் பிளக் துவாரத்தைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, மேலேறும் காற்று விரலைத் தள்ளும் கணத்தில் குரல் கொடுக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்புவரை கைப்பிடி அண்ணனுடையது, விரல் அவருடையது.

கடைசியாக இருவரும் சேர்ந்து வேலைசெய்த அன்று, அண்ணன் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், வண்டி இன்னும் துடிப்பாக ஓடட்டும் என்று, அவர் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு விரற்கடை திருப்பி வைத்தார். திரும்பி வந்த அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. அண்ணன் கைப்பிடியைச் சுற்றியதும் பொறி முந்திக்கொண்டது. எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்தது. இரும்புக் கைப்பிடி அண்ணனின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. ஆட்கள் ஓடி வருவதற்குள் அவர் டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்திற்கே திருப்பிவிட்டார். "பெருவிரலை மடக்கிப் பிடிச்சிட்டாரு, அண்ணி. அதான் கையை எடுக்க முடியல" என்று அழுதார். கைப்பிடியைப் பற்றும்போது பெருவிரலும் சேர்த்து எல்லா விரல்களும் ஒரே பக்கமாக இருக்கவேண்டும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே அண்ணன்தான். அண்ணி நம்பினார்.

இப்போது விரலை வைத்துப் பார்த்தார். வெறுமனே, பழக்கத்தினால்.

அலைபேசி ஒலித்தது. ஒலிபெருக்கியை அழுத்தி, மட்கார்டின் முன்முனையில், எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, மீண்டும் விரலை வைத்தார்.

"என்ன தம்பி, இன்னிக்காவது இருமுமா உங்க எஞ்சின்? நீங்க முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும்போல."

"இன்னும் கொஞ்சந்தான் அண்ணி. டைமிங் மட்டும்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்னத்தைச் சாப்பிட்டிருப்பீங்க! சரி, ஓடினதும் சத்தத்தைக் கேக்க வைங்க. அவர் கடைசியாத் தொட்டது அதுதானே."

அவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்க உலகத்தில் மிச்சமிருந்த ஒரே குரல் அது. அந்தக் குரலை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே பத்தொன்பது ஆண்டுகளாக அவர் வாயைத் திறக்கவில்லை.

பெருவிரலின் கீழே காற்று அசைந்தது.

முதலில் ஒரு கூச்சம்போல. பிறகு அழுத்தம். விரலை மெல்லத் தூக்கி, ஓரத்தால் வழிந்து, புஸ்ஸென்று வெளியேறியது. அவர் தலையைத் திருப்பினார். முன்புறத்தில் கைப்பிடி சுழன்றுகொண்டிருந்தது. நிதானமாக. பழகிய கை சுற்றுவதுபோல. மற்றத் துவாரங்கள் முறை பிசகாமல் ஒவ்வொன்றாக மூச்சுவிட்டன. ஐந்து. மூன்று. ஆறு.

"மெதுவா" என்றார், தம்மையறியாமல்.

கைப்பிடி மெதுவாயிற்று.

"யாரைத் தம்பி மெதுவாங்கறீங்க? கூட யாரு?"

"யாரும் இல்ல அண்ணி."

"மூச்சு வாங்குற சத்தம் கேக்குதே."

"அது எஞ்சின்."

கைப்பிடி இரண்டு சுற்று முடித்தது. மறுபடியும் விரலின் கீழ்க் காற்று மேலே வந்து, வழிந்து, தீர்ந்தது. பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கியது. துவாரம் விரலை உறிஞ்சியது. பாதியில் கைப்பிடி நின்றுவிட்டது. விரல் வரவில்லை. இழுத்தார். நகத்தின் அடியில் இரத்தம் கட்டியது. வரவில்லை. இடக்கையை நீட்டினார். அலைபேசி எட்டாமல் ஒரு சாண் தள்ளி இருந்தது.

"இல்லையே" என்றார் அண்ணி. "யாரோ பேசறாங்களே."

அவர் காதில் மழை மட்டுமே விழுந்தது.

"அண்ணி, ஃபோனை வைங்க. நான் அப்புறமா..."

"இருங்க தம்பி. குறுக்கே பேசாதீங்க."

அவ்வளவுதான். அதன்பின் அண்ணி அவரோடு பேசவில்லை. வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே, இரவில் பாயில் படுத்தபடி கணவன் சொல்லும் கதைக்கு மனைவி கொட்டுவதுபோல், ஒரு 'ம்'. சிறிது இடைவெளி. இன்னொரு 'ம்'.

கைப்பிடியின்மேல் அவர் தடவியிருந்த கிரீஸ் ஓரிடத்தில் மெல்ல அமுங்கிற்று. நான்கு விரல்கள். ஐந்தாவது, அவற்றின் பக்கத்திலேயே, அதே பக்கத்தில்.

"அண்ணி!"

"ம்" என்றது அலைபேசி. அவருக்கல்ல. "தேத்தண்ணி குடிக்கத்தான் போயிருந்தீங்க... சரி. தம்பி அப்போ என்ன பண்ணாரு?"