மூன்று முறை கேட்ட தாலாட்டு

தங்கைக்குக் காரியம் முடிந்த மறுநாள், பதினொன்றரை மணி வெயிலில், தங்கசாமி பம்புசெட் அறையின் பூட்டைத் திறந்தான்.

அந்த அறைதான் அவனுடைய வானொலி நிலையம். பரமத்தி வேலூரில் ரேடியோ ரிப்பேர் செய்தே பிழைத்தவன், உதிரி வால்வுகளைச் சேர்த்து ஒரு கருவி கட்டி, இரண்டு தென்னைக்கு நடுவே செம்புக் கம்பி இழுத்து, தானே ஒலிபரப்பத் தொடங்கியிருந்தான். லைசென்சும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஐந்தாறு மைலுக்குக் கேட்கும். தினமும் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அப்பா சேர்த்து வைத்த பழைய இசைத்தட்டுகள் சுழலும். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்பவர்கள் வரப்பில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு கேட்பார்கள். அது 1974. அந்தப் பாட்டெல்லாம் அப்போதே முப்பது வருஷத்துப் பழசு.

அருணகிரியின் டீக்கடைத் தூணில் ஒரு பிஸ்கட் டப்பா தொங்கும். வேண்டிய பாட்டையும் பேரையும் சீட்டில் எழுதி அதில் போட்டால், தங்கசாமி பேரை வாசித்துப் பாட்டைப் போடுவான். ரேடியோவில் தன் பேர் வருவதென்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த ஆசையில்தான் பொன்னாத்தாளின் மாமியாரும் சீட்டுக்குச் சம்மதித்தாள். பொன்னாத்தாள் தங்கசாமியின் தங்கை. சென்னியப்பன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீட்டுக்குக் கடுதாசி போடக்கூடாது, வாசலில் நின்று ஒருத்தரோடு பேசக்கூடாது, ஆனால் வாரம் ஒரு பாட்டுச் சீட்டு மட்டும் எழுதலாம். சீட்டின் கடைசியில் சென்னியப்பன் குடும்பத்தார் என்று இருக்கவேண்டும். அவ்வளவு பெருமை அந்தக் கிழவிக்கு!

கல்யாணத்தன்றே தங்கசாமி தங்கையிடம் சொல்லியிருந்தான். "அம்மணி, அங்க முடியலீன்னா அம்மா போட்டுக் கேக்குமே, அந்தத் தாலாட்டு, அதைக் கேட்டு எழுது. அன்னைக்கே டாக்சி எடுத்துக்கிட்டு வாரேன்."

அவள் எழுதினாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

மூன்று தடவையும் இந்த மகராசன் பேரை வாசித்துப் பாட்டைப் போட்டான்! போகவில்லை. ஏன் போகவில்லை தெரியுமா? அறை சென்னியப்பனுடையது, கரண்டும் அவனுடையது. மாப்பிள்ளையைப் பகைத்தால் நிலையம் போய்விடும். புதுசில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூன்றாவது முறை பாட்டு ஒலித்த மறுநாள் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

வயிற்று வலி தாங்காமல் விழுந்துவிட்டாள் என்று போலீசுக்காக யாரோ எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தில் முதல் கையெழுத்து அண்ணனுடையது. அன்று சாயங்காலமே அந்தத் தாலாட்டுத் தட்டை அதே கிணற்றில் வீசினான்.

அப்பேர்ப்பட்டவன்தான் இப்போது கருவியைச் சூடாக்கிவிட்டு, ஒரு பழைய பக்திப் பாட்டை வைத்து ஊசியை இறக்கினான். தட்டு சுழன்றது. ஒலி சரியாகப் போகிறதா என்று பார்க்க மேசையில் ஒரு பேட்டரி டிரான்சிஸ்டர் உண்டு. அதைத் திருகினான்.

தாலாட்டு கேட்டது.

ஊசியைத் தூக்கினான். பாட்டு நிற்கவில்லை. கையில் இருந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்திப் பாட்டேதான். அறையில் எண்ணெய் வாசனை போய்ப் பாசி வாசனை வந்தது, கிணற்றின் அடிப்படியில் இருக்குமே, அந்த வாசனை. வெளியே வெயில் கொளுத்தியது. மேசை மேல் இருந்த சீட்டுகள் ஒவ்வொன்றாக நனைந்தன.

சாயங்காலம் டீக்கடையில் அருணகிரி பிடித்துக்கொண்டான். "ஏனுங்க தங்கசாமி, துக்கம் நடந்து ஒரு மாசங்கூட முழுசா ஆவுல. ஒன்றரை மணி நேரமும் அந்தத் தாலாட்டையே போட்டுக்கிட்டு இருந்தீங்களே, கேக்கறவங்க என்னாவறது? என்ற ஊட்டுக்காரி அழுதுட்டாளுங்க."

தங்கசாமி டீயைக் குடிக்காமலே எழுந்து போனான்.

ஆடி முழுக்க இப்படித்தான். என்ன தட்டு வைத்தாலும் வேலூர் முழுக்கத் தாலாட்டு. நிறுத்திவிடலாம் என்று இருந்தபோதுதான் சென்னியப்பன் அறைக்கே வந்தான். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம்.

"மச்சான், ஆவணியில முகூர்த்தம் வச்சிருக்கறனுங்க. பொண்ணு திருச்செங்கோட்டுப் பக்கம், சௌந்திரம்னு பேரு. நாளைக்கு மத்தியானம் பொண்ணோட அப்பனும் சனமும் ஊட்டுக்கு வாராங்க."

தங்கசாமி ஒரு தட்டை எடுத்துத் துடைத்தான்.

"எவனோ என்னமோ சொல்லியிருக்கறான். தயங்கறாங்க. நீங்க ரேடியோவுல, என்ற தங்கச்சியைத் தங்கமா வச்சிருந்தாரு மாப்பிள்ளைன்னு ரெண்டு வார்த்தை சொல்லி வாழ்த்திப் போடுங்க. கூடப்பொறந்தவனே சொன்னா அப்பறம் எவன் வாயைத் தொறப்பான்?" ஒரு தாளை மேசையில் வைத்தான். "எழுதியே கொண்டாந்துட்டனுங்க. நீங்க படிச்சாப் போதும்."

போகும்போது சுவரிலிருந்த மெயின் சுவிட்சைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். அதன் அர்த்தம் தங்கசாமிக்குத் தெரியும். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. அந்தச் சௌந்திரத்துக்கு என்ன வயசு இருக்கும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பன்னிரண்டு மணி. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் வீட்டுக் களத்தில் பாய் விரித்துச் சனம் உட்கார்ந்திருந்தது. நடுவில் பெரிய ரேடியோ. ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. தங்கசாமி மைக்கைப் போட்டான். தாளை எடுத்தான். தாள் காய்ந்துதான் இருந்தது.

"நேயர்களே," என்று ஆரம்பித்தான்.

பாசி வாசனை வந்தது.

டிரான்சிஸ்டரில் அவன் குரல் வரவில்லை. தண்ணீர் சொட்டும் சத்தம் வந்தது. அப்புறம் ஒரு மூச்சு.

"ணா."

அவன் தாளைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் பாட்டுத்தான் போட்டே."

அழுகை இல்லை அந்தக் குரலில். சுத்தமான கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற கோபம்.

"கண்ணு, தப்புப் பண்ணிட்டேன்," என்று முணுமுணுத்தான்.

"இன்னைக்கு நீ சொல்றியா? நான் சொல்லட்டுமா?"

தங்கசாமி தாளைக் கிழித்தான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் நெஞ்சில் அழுத்தி வைத்ததெல்லாம் வெடிக்கக் கத்தினான். "என்ற தங்கச்சிக்கு வயித்து வலி இல்லீங்க! பொய்க் கையெழுத்துப் போட்டவன் நான். காப்பாத்தச் சொல்லி மூணு சீட்டு எழுதுனா. போகாதவனும் நான். திருச்செங்கோட்டுச் சனமே, அந்த ஊட்டுக்குப் பொண்ணைக் குடுத்துப்போடாதீங்க!"

களத்தில் சனம் எழுந்தது. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தான். வந்த வேகத்தில் மெயின் சுவிட்சை இழுத்தான். வால்வுகள் அணைந்தன.

"நாயே, என்ற கரண்டுல உக்காந்துக்கிட்டு..." என்றவன் பாதியில் நிறுத்தினான்.

டிரான்சிஸ்டர் பேசிக்கொண்டிருந்தது.

தங்கசாமியின் குரல்தான். ஆனால் தங்கசாமி வாயை மூடிக்கொண்டு நின்றான்.

அவனுக்கே தெரியாததையெல்லாம் அந்தக் குரல் சொன்னது. கதவை வெளியே தாழ் போட்டது யார், கிணற்று மேடு வரை முடியைப் பிடித்து இழுத்தது யார், கடைசிப் படியைப் பிடித்திருந்த கையைச் செருப்புக் காலால் மிதித்தது யார். வேலூர்க் கொடிக்கால் முழுக்க, வரப்பு வரப்பாக, ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் அதையே சொன்னது.

சென்னியப்பன் முகத்தில் ரத்தம் இல்லை. தன் வலது காலைப் பார்த்தான். செருப்பு நனைந்து, அதைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது.

பெண் வீட்டார் சாப்பிடாமலே திரும்பிப் போனார்கள். சென்னியப்பன் அன்று சாயங்காலமே கடப்பாரையால் கருவியை நொறுக்கினான், தென்னையில் கட்டிய கம்பியை அறுத்தான். தங்கசாமி போலீசில் போய்ப் புது வாக்குமூலம் கொடுத்தான், கேஸ் நடந்தது. ஊரில் பாட்டு நின்றது.

மார்கழியில் ஒரு காலை, டீக்கடைத் தூணில் துருப்பிடித்துத் தொங்கிய பிஸ்கட் டப்பாவைக் கழற்றப் போனான் தங்கசாமி. உள்ளே ஒரு சீட்டு இருந்தது. ஈரம். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பிரித்துப் பார்த்தான். பொன்னாத்தாளின் கையெழுத்து.

வேண்டிய பாட்டு: அம்மா கேட்கும் தாலாட்டு. விரும்பிக் கேட்பவர்: பாவாயி, ஆற்றுமேட்டுத் தெரு.

இந்த முறை அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஸ்டாண்டில் நின்ற டாக்சியின் கதவை இழுத்தான்.

ஆற்றுமேட்டுத் தெருவில் வீட்டுக் கதவைத் திறந்தவளுக்கு இருபது வயசுகூட இருக்காது. இடுப்பில் குழந்தை. உதடு கிழிந்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு துணி மூட்டை தயாராக இருந்தது.

"நீதான் பாவாயியா அம்மணி? சீட்டு எழுதியிருந்தியே."

"எனக்கு எழுதத் தெரியாதுங்க," என்றாள் அவள் மெல்ல. "ஆனா நீங்க வருவீங்கன்னு அந்த அக்கா சொல்லுச்சுங்க."

"எந்த அக்கா?"

அவள் அடுப்படி மாடத்தைக் காட்டினாள். பின்மூடி திறந்து, பேட்டரியை எடுத்துவிட்ட ஒரு சின்ன டிரான்சிஸ்டர். அதன் அடியிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தாலாட்டு முடிகிற இடத்தில் இருந்தது.

தங்கசாமி மூட்டையைத் தூக்கிக்கொண்டான். "நட அம்மணி, வண்டி நிக்குது."

பாட்டு முடிந்தது. ஊசி கரகரத்தது. பிறகு பொன்னாத்தாளின் குரல், நிதானமாக, பேர் வாசிக்கும் தோரணையில் வந்தது.

"அடுத்து விரும்பிக் கேட்பவர்..."

தங்கசாமி வாசலிலேயே நின்று, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.